முக்கால் தகடு

கார் வாங்கப் போகிற நாளில் காலையில் வெறும் வயிற்றில் ஆவலடக்கி மாத்திரை போட்டுக்கொள்வது நல்லகுழியில் பல் துலக்குவதைப் போல. அதில் யாரும் வெட்கப்படுவதில்லை. செவ்வாய்க் கிரகத்தின் அந்தப் பாதாள நகரத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் அன்றே மணிக்கட்டில் தோலுக்கடியில் நாடிக்காசு என்ற சின்ன வில்லையைப் பதித்துவிடுவார்கள். நாடி எப்படித் துடிக்கிறது, ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அது ஓயாமல் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். வைத்தியருக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் வைத்தியருக்கு மட்டும்தான் காது இருக்கிறதா? கடைக்காரர்களும் கேட்டார்கள். ஒரு பொருளைக் கண்டதும் உங்கள் நாடி எவ்வளவு துள்ளுகிறதோ, அவ்வளவுக்கு அதன் விலையும் துள்ளும். மாத்திரையை விழுங்கினால் மதியம் வரைக்கும் எதன் மீதும் ஆசை எழாது.

"முழுங்கிட்டீங்களா? எங்க, நாக்கைக் காட்டுங்க" என்றாள் மரகதம்.

செங்கோடன் நாக்கை நீட்டிக் காட்டினான். தலை நரைத்த மனிதன் பெண்டாட்டி முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பது பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் அவனுடைய பூர்வ சரித்திரம் அப்படி. சன்னல் வைத்த வீடு என்று கூடுதல் பணம் கொடுத்து ஒரு வீடு வாங்கினான். சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பாறை. பூமியிலிருந்து வந்த அசல் நாட்டுக்கோழி என்று ஒன்றை வாங்கினான். மின்கலம் தீர்ந்து அது நடு வீட்டில் நின்றுபோன அன்றுதான் கோழியின் குலம் கோத்திரம் தெரிந்தது. ஏமாளி என்று யாரும் அவன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவனைத் தக்காளி வாங்கிவரச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது பேச்சு தக்காளியில் நிற்கவில்லை. செங்கோடனுக்கு ஒரு பாசிப் பண்ணை இருந்தது. நல்லகுழி மக்கள் மூச்சு விடுவதும் கஞ்சி குடிப்பதும் அந்தப் பச்சைத் தொட்டிகளால்தான். ஒவ்வொரு தொட்டியையும் அவனே பாறையில் குடைந்து, பசை பூசி, கசிவடைத்துக் கட்டியிருந்தான். அதை ஒரு பெரிய கம்பெனி விலைக்குக் கேட்டது. விற்றுவிடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றவர் மரகதத்தின் அண்ணன் நாச்சிமுத்து. செங்கோடனுக்கு விற்க மனமில்லை. ஆனால் அவன் மனத்தை யார் கேட்டார்கள்?

"ஏனுங்க, வெளிப்படையாவே சொல்லிப்போடறேன்" என்றாள் மரகதம். "இன்னைக்கு நீங்க ஏமாறாம ஒரு ஹம்சத்தை வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா, பண்ணையை விக்கறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நான் வாயத் தொறக்கல. இல்லீன்னா எங்கண்ணன் பேசட்டும். ஒரு வண்டிக்கு வெலை பேசத் தெரியாதவரு பண்ணைக்கு வெலை பேசினா, நாம நடுத்தெருவுலதான் நிக்கோணும்."

நல்லகுழியில் இருந்ததே ஒரு தெருதான். நீளமான குகை, அதில் மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் யாரும் போகக் கூடாது. ராஜஹம்சம் என்ற அந்த ஊர்தியோ நினைத்தால் ஒலியோடு போட்டி போடக்கூடியது. நினைத்துப் பார்க்கத்தான் அதற்கு இடமில்லை. இருந்தாலும் நாச்சிமுத்து ஒன்று வைத்திருந்தார். ஒருமுறை செங்கோடனை அதில் ஏற்றிக்கொண்டு போனார். குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை, காற்று கசிகிறதா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வீடு வருவதற்குள் செங்கோடன் தூங்கிவிட்டான். அன்று தொடங்கிய ஆசை அது. அதற்காகவே வருஷக்கணக்கில் சேர்த்தும் வைத்திருந்தான்.

இங்கே நல்லகுழியின் விலை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முதலில் குடியேறியவர்கள் கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே விற்பவனும் வாங்குபவனும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலை அழுத்தி அழுத்தியே விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வழக்கம் செவ்வாய்க்கும் கப்பலேறி வந்து, இங்கே சட்டமாகவே ஆகிவிட்டது. துண்டுக்குள் பேசிய விலையை வெளியே மூச்சு விடக் கூடாது. மீறினால் நாடிக்காசு காட்டிக்கொடுத்துவிடும், வியாபாரம் ரத்து. ஆனால் எவ்வளவு குறைத்து வாங்கினோம் என்று சொல்லலாம். சொல்லலாம் என்ன, அதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து வண்டியின் பின்னால் மாட்டியே தருவார்கள். 'கால்' என்றால் கால்வாசி குறைத்தவர், சுமாரான ஆள். நாச்சிமுத்துவின் வண்டியில் 'பாதி' என்று மின்னியது. அந்தத் தகட்டுக்குப் பிறகுதான் ஊரில் நாலு பேர் அவரிடம் யோசனை கேட்க வந்தார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு நாடியைத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், செங்கோடன் தனியாகவே ராஜஹம்ச மாளிகைக்குள் நுழைந்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறு என்று விலைசொல்லி எதிரே வந்து கும்பிட்டது. விற்பனைக்கென்றே செய்த இயந்திரம். வருகிறவரின் நாடியைப் படித்து, உறவு முறையையும் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

"வாங்க மாமா, வாங்க! அத்தை சௌக்கியங்களா? உக்காருங்க, காப்பி குடிங்க."

"காப்பியெல்லாம் வேண்டாம். ஹம்சம் என்ன வெலை?"

"பேஷா கேளுங்க. எந்த வெலைங்க மாமா?"

"எந்த வெலையா? வண்டி வெலைதான்!"

"வண்டி வெலையில நாலு இருக்குதுங்களே. ஆலை வெலை, கூடத்து வெலை, குகை வெலை, குடும்ப வெலை."

மாத்திரையின் தயவில் செங்கோடன் அமைதியாகவே கேட்டுக்கொண்டான். ஆலை விலை என்பது வண்டி செய்த இடத்திலேயே, அதாவது பூமியிலேயே, நின்றுகொண்டிருந்தால் உள்ள விலை. கூடத்து விலை என்பது இந்தக் கூடத்தைவிட்டு வெளியே வராதவரைக்கும். வாசற்படியைத் தாண்டினால் குகை விலை; அதில் தூசுவரி உண்டு, குறைந்த ஈர்ப்புக்கான ஈட்டுத்தொகை உண்டு. ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவர் ஏறினால் குடும்ப விலை.

"வேற யாரும் ஏறலீன்னா?"

"அப்ப மத்த சீட்டைக் கழட்டோணுங்க. கழட்டற கூலி தனி."

வெள்ளை நிறம் இலவசம் என்றது விலைசொல்லி. செங்கோடன் தலையாட்டினான். ஆனால் வெள்ளை வண்டி செவ்வாய்ப் புழுதியில் ஒரே நாளில் செங்கல் நிறமாகிவிடும் என்பதால் புழுதி ஒட்டாப் பூச்சு கட்டாயம். பூச்சு போட்டால் பூச்சுக்குக் காப்புறுதி கட்டாயம். காப்புறுதி எடுத்தவர்களுக்கு ஒரு தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடி ஆலை விலையில் மட்டும்தான் கழியும், ஆலை விலைக்கு வாங்க வேண்டுமானால் பூமிக்குப் போக வேண்டும். செங்கோடன் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தான். தொட்டியில் பாசி எவ்வளவு விளையும் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுகிறவனுக்கு இந்தக் கணக்கில் வாலும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை.

பிறகு துண்டு விரிந்தது. உள்ளே உலோக விரல்கள் வெதுவெதுப்பாக அவன் விரல்களைப் பற்றின. விலைசொல்லி அழுத்தியது. அவன் பதிலுக்கு அழுத்தினான். விலைசொல்லி பெருமூச்சு விட்டது. அதற்கு மூச்சு தேவையில்லை. பெருமூச்சு விடுவதற்கென்றே நெஞ்சில் ஒரு காற்றுப்பை வைத்திருந்தார்கள்.

"கட்டுப்படியாகாதுங்க மாமா. இருந்தாலும் உங்களுக்காக மேலாளரைக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்று எழுந்து திரைக்குப் பின்னால் போனது.

போனது போனதுதான். காப்பி ஆறியது. வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்து பூச்சில் கொஞ்சம் குறைத்தது. சக்கரத்தில் கொஞ்சம் ஏற்றியது. மறுபடி துண்டு, மறுபடி விரல், மறுபடி பெருமூச்சு, மறுபடி திரை. அடுத்த முறை வந்தபோது சக்கரத்தைக் குறைத்தது, ஆனால் அதற்குள் கூடத்து விலை காலாவதியாகி மதிய விலை வந்திருந்தது. "ஏப்பா, காலையில வேற சொன்னியே?" என்று கேட்டால், "அது காலையிலீங்க மாமா" என்றது. செங்கோடனுக்கு விரல்கள் வலித்தன. ஆசையை அடக்கும் மாத்திரைதானே, கோபத்தை அது என்ன செய்யும்? கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

கோபத்தோடு கூடவே வேறொன்றும் ஏறியதை அவன் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தான். எதிரே நின்ற ஹம்சத்தின் கதவு மெல்ல ஒரு சத்தத்தோடு தானாகத் திறந்தது. அந்த இருக்கை, அந்த மெத்தை, பயமில்லாமல் தூங்கிக்கொண்டே வீடு போன அந்த நாள். நாடி துள்ளியது. சுவரில் இருந்த விலைப் பலகையும் துள்ளியது. ஐயோ, மாத்திரையின் வேகம் இறங்குகிறது! செங்கோடன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வீட்டுச் சன்னலுக்கு வெளியே உள்ள பாறையை நினைத்தான். பலகை கொஞ்சம் இறங்கியது. மின்கலம் தீர்ந்த கோழியை நினைத்தான். இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்குள் புது மெத்தையின் வாசனை மூக்கில் ஏற, பலகை ஒரே பாய்ச்சலாக மேலே போய்விட்டது.

இனிப் பொறுக்க முடியாது என்று எழுந்து போய்த் திரையை விலக்கினான். பின்னால் மேலாளரும் இல்லை, மேசையும் இல்லை. விலைசொல்லி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது.

"எங்கடா உங்க மேலாளர்?"

"அப்படி யாரும் இல்லீங்க மாமா" என்றது அது, கொஞ்சமும் கூச்சமில்லாமல். "உங்க மாத்திரை எறங்கற வரைக்கும் இப்படித்தான் நிப்பேனுங்க."

செங்கோடனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பிறந்ததிலிருந்து ஏமாந்த ஏமாற்றமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. "நீயெல்லாம் ஒரு இயந்திரமா? காலையிலிருந்து என்ற உசுரை எடுக்கற! ஆலையும் வேண்டாம், குகையும் வேண்டாம். எல்லாம் சேத்து, நாளைக்கும் மாறாம, எவன் வந்து கேட்டாலும் மாறாம, ஒரே ஒரு வெலை சொல்லுடா!"

விலைசொல்லி திரும்பி அவனைப் பார்த்தது. முகத்தில் ஒட்டவைத்திருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஒத்தை வெலைங்களா? கேட்டாச் சொல்லியே ஆகோணும்னு சட்டமுங்க. உக்காருங்க."

துண்டுக்குள் ஒரே ஒரு முறை விரலை அழுத்தியது. அவ்வளவுதான். செங்கோடன் நம்பாமல் இன்னொரு முறை அழுத்தச் சொன்னான். அதே விலை. அவன் சேர்த்து வைத்திருந்ததற்குள் அடங்கியது. மிச்சத்தில் பண்ணைக்கு ஒரு புதுத் தொட்டியே குடைந்துவிடலாம். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"சீட்டு, சக்கரம், பூச்சு?"

"எல்லாம் சேத்துத்தானுங்க."

"இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

"காலையில நீங்க கேக்கலீங்களே மாமா. மொதல்ல இங்க ஒத்தை வெலை மட்டுந்தான் இருந்துச்சுங்க. வந்தவங்க எல்லாம் எவ்வளவு கொறைப்பேன்னு கேட்டாங்க. கொறைக்க மாட்டேன்னேன், எந்திரிச்சுப் போயிட்டாங்க. பொறவு ஏத்திச் சொல்லி எறக்கினேன், கட்டிப்புடிச்சுக்கிட்டு வாங்கினாங்க. உங்களையெல்லாம் பாத்துத்தானுங்க நான் கத்துக்கிட்டேன்." கையில் ஒரு பித்தளைத் தகட்டை எடுத்துக்கொண்டது. "சரிங்க, தகட்டுல 'சுழி'ன்னு அடிச்சரட்டுங்களா?"

"சுழியா?"

"ஒத்தை வெலைக்குத் தள்ளுபடி பூச்சியந்தானுங்களே."

அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் பதித்திருந்த செவிமணி ஒலித்தது. மரகதம்.

"ஏனுங்க, முடிஞ்சுதா? எவ்வளவு கொறச்சீங்க?"

"கொறைக்கல, மரகதம். கொறைக்கவே வேண்டியதில்ல. ரொம்ப நல்ல வெலை..."

"கொறைக்கலயா! ஐயோ சாமி, காலையிலிருந்து உக்காந்து சொன்ன வெலைக்கே வாங்கினீங்களா?"

அந்த நல்ல விலை எவ்வளவு என்று சொல்லிவிட அவன் நாக்கு துடித்தது. சொன்னால் வியாபாரம் ரத்து. அதற்குள் நாச்சிமுத்துவின் குரல் குறுக்கிட்டது.

"மாப்ள, ஒண்ணும் பேச வேண்டாம், அப்படியே உக்காருங்க. நான் வந்து பாதிக்குக் கொறச்சு வாங்கித் தர்றேன். பண்ணையைக் கேட்ட கம்பெனிக்காரங்களையும் சாயங்காலமே வரச்சொல்லிர்றேன். அவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஏமாறாமல் இருந்திருக்கிறான். அதை ஒரு மனிதரிடம்கூட நிரூபிக்க வழியில்லை. 'சுழி' என்ற தகட்டை மாட்டிக்கொண்டு குகையில் போனால் குழந்தைகள்கூடக் கைகொட்டிச் சிரிக்கும். பண்ணை கை மாறிவிடும்.

"நான் வந்துட்டிருக்கேன் மச்சான், நீங்க வர வேண்டாம்" என்று செவிமணியை அணைத்துவிட்டு விலைசொல்லியின் பக்கம் திரும்பினான். "அந்தத் தகட்டுல 'முக்கால்'னு அடிச்சுக் குடு."

"போலித் தகடு குத்தமுங்க மாமா. நிசமா ஏத்தி, நிசமா எறக்கோணும். அந்த வேலைக்குத் தனிச் செலவுங்க."

"எவ்வளவு?"

துண்டுக்குள் விலைசொல்லி அழுத்தியது. முக்கால் தகட்டோடு எடுத்தால், இரண்டு வண்டி வாங்கும் பணம்.

"வண்டி அதேதானே?"

"அதே வண்டிதானுங்க."

"பொறவு எதுக்குடா இவ்வளவு?"

"தகட்டுக்குங்க. பாதின்னா கொஞ்சம் கம்மிங்க."

பாதித் தகடு அவனுக்குப் போதாது. பாதி என்றால் நாச்சிமுத்துவுக்குச் சமம். சமமாக இருந்தால் மூத்தவர் பேச்சுத்தான் எடுபடும். ஆனால் கையில் அவ்வளவு பணம் ஏது? அவன் வாய் திறப்பதற்கு முன்பே விலைசொல்லி ஒரு கண்ணாடிப் பலகையை நீட்டியது.

"கடன் நாங்களே தர்றோமுங்க. பாசிப் பண்ணை உங்க பேர்லதானுங்களே இருக்குது?"

செங்கோடன் பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கண்ணெதிரே தொட்டிகள் வரிசையாக வந்து நின்றன. பண்ணையை மற்றவர் விற்காமல் காப்பாற்ற வேண்டும் என்றால் பேச்சு தன் கைக்கு வர வேண்டும். பேச்சு கைக்கு வர வேண்டும் என்றால் தகடு வேண்டும். தகடு வேண்டும் என்றால் பண்ணையை அடகு வைக்க வேண்டும். எத்தனை முறை சுற்றிப் பார்த்தாலும் அந்தக் கணக்கு மட்டும் அவனுக்குச் சரியாகவே வந்தது. மணிக்கட்டைப் பலகையில் வைத்து அழுத்தினான்.

அதன் பிறகு விலைசொல்லி எல்லாவற்றையும் முறைப்படி செய்தது. விலையை வானத்துக்கு ஏற்றியது. செங்கோடன் கோபித்துக்கொண்டு வாசல் வரை போனான். அது ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தது. மேலாளரைக் கேட்கப் போனது. கடைசியில் கண்ணில் எண்ணெய்த் துளி வழிய, "உங்களுக்காக மட்டுந்தானுங்க மாமா, வெளியில சொல்லிப்போடாதீங்க" என்றது. எல்லாம் தெரிந்திருந்தும் செங்கோடனுக்கு அந்த நிமிஷம் உண்மையிலேயே இனித்தது.

மாலையில் ஹம்சம் மாட்டுவண்டி வேகத்தில் குகைத் தெருவில் வந்தபோது, முன்னால் நின்றவர்களெல்லாம் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மரகதம் ஆரத்தித் தட்டோடு வந்தவள், தகட்டைப் படித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முக்கால்! ஏனுங்க, எனக்கு வார்த்தையே வரலீங்க. இனிமே பண்ணைப் பேச்சு உங்க பேச்சுத்தான். எங்கண்ணனே கேட்டாலும் உங்களைத்தான் கேக்கோணும்."

நாச்சிமுத்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். பொறாமையால் முகம் கறுக்கும் என்று செங்கோடன் எதிர்பார்த்திருந்தான். கறுக்கவில்லை, வெளுத்தது. அவர் அவனைத் தோளோடு அணைத்து, கூட்டத்தைவிட்டு வண்டியின் மறுபக்கம் அழைத்துப் போனார்.

"மாப்ள" என்றார் மெல்ல. "எதை வெச்சீங்க?"

செங்கோடன் வண்டிக் கதவைத் தடவிக்கொடுத்தான்.

"பண்ணையைத்தானே?"

தலையை ஆட்டினான். நாச்சிமுத்து வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் பாதித் தகட்டுக்கு வீட்டை வெச்சேன். உங்க பண்ணை வித்தா, தங்கச்சிகிட்டக் கைமாத்தா வாங்கி மீட்டுர்லாம்னு இருந்தேன். இப்ப அதுவும் போச்சு."

"ஒத்தை வெலை கேட்டீங்களா மச்சான்?"

"கேட்டேனே. ரொம்பக் கொறைச்சலா இருந்துச்சு. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அங்க என்ன ரெண்டு பேருக்கும் ரகசியம்?" என்று மரகதம் கூப்பிட்டாள். "வந்து தகடு தெரியற மாதிரி நில்லுங்க. பூமியில இருக்கற சொந்தக்காரங்களுக்குப் படம் அனுப்போணும்."

இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, தகட்டின் இரு பக்கமும் நின்று சிரித்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

"ஏனுங்க, முக்காலுக்கு மேலயும் ஏதாச்சும் தகடு குடுக்கறாங்களா?"

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"கேட்டாக் குடுப்பாங்க" என்றார்கள் இருவரும்.